ஒரு சுருள் காடா

க்ளவ் பாக்ஸுக்குள் கையை விட்டிருக்கும்போதுதான் மூக்கு அரிக்கும். ஐந்து வருடமாகப் பார்க்கிறேன், ஒரு நாள்கூடத் தப்பியதில்லை. அது ஒரு பெரிய கண்ணாடிப் பெட்டி. உள்ளே நைட்ரஜன் மட்டும்தான், காற்றோ ஈரமோ நுழையக் கூடாது. முன்பக்கம் இரண்டு ஓட்டைகளில் தோள் வரை நீளும் கறுப்பு ரப்பர் உறைகள் தொங்கும். அவற்றுக்குள் கையைக் கொடுத்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்க வேண்டும். உள்ளே கண்ணாடித் தகடு சுழலும்போது கையை உருவினால் அந்தத் தகடு போச்சு. அரித்தால் மூக்கைக் கண்ணாடியில் தேய்த்துக்கொள்ள வேண்டியதுதான். என் மூக்கு உயரத்தில் அந்தக் கண்ணாடியில் ஒரு எண்ணெய்த் தடம் உண்டு. லேபைக் கூட்டிப் பெருக்கும் பாண்டிசெல்வி தினமும் துடைப்பாள், மறுநாள் மறுபடியும் வந்துவிடும்.

என் பெயர் ஷமீமா. முப்பத்து நாலு வயது. ராஜபாளையத்துக்காரி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புக்குப் போகிற வழியில் மலையைப் பார்த்தபடி இருக்கும் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் போஸ்ட்டாக். அதாவது டாக்டர் பட்டம் வாங்கியாயிற்று, நிரந்தர வேலை கிடைக்கவில்லை, நடுவில் ஆறு ஆறு மாதமாக நீட்டித்துத் தருகிற ஓர் இடம். என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார், பெண் படிக்கிறாளா வேலை பார்க்கிறாளா என்று கேட்டார்கள். என்னைப் பெற்ற அத்தா இரண்டும்தான் என்றார். டீயைக் குடித்துவிட்டுப் போனவர்கள்தான், ஆளையே காணோம். அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய, எனக்கே அதற்குப் பதில் தெரியாது.

நாங்கள் செய்வது சோலார் செல்லுக்கான புதுப் பொருள். மொட்டை மாடிகளில் நீங்கள் பார்க்கும் நீலப் பலகை சிலிக்கானில் ஆனது, அதைச் செய்யப் பெரிய பெரிய உலை வேண்டும். எங்களுடையது பெரோவ்ஸ்கைட் என்கிற படிகம். சின்னக் கண்ணாடித் தகட்டில் நாலு சொட்டு விட்டுச் சுழற்றி, சூட்டில் பத்து நிமிடம் வைத்தால் கறுகறுவென்று ஒரு படலம் உண்டாகும். அதில் வெயில் பட்டால் கரண்ட். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஈரக் காற்று பட்டால் நமத்துப்போன அப்பளம்தான். மூன்றாம் நாள் கறுப்பு மஞ்சளாகிவிடும், கரண்டும் வராது ஒன்றும் வராது. அதைச் சாகாமல் வைத்திருப்பது எப்படி என்றுதான் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி.

இதற்காக நான் ஒரு மருந்து செய்தேன். படிகம் உண்டாகும்போது ஒரு துளி சேர்த்தால் ஈரத்தைத் தாங்க வேண்டும். ஆறு மருந்து தோற்றுப்போய் ஏழாவதாகச் செய்தது. பெயர் எஸ்.எம்.7. சோலார் மெட்டீரியல் என்று எங்கள் பேராசிரியர் சுந்தரபாண்டியன் சார் வெளியில் சொல்வார். எஸ்ஸும் எம்மும் யாருடைய பெயரில் இருக்கிற எழுத்து என்று எனக்குத் தெரியும்.

மூன்றரை வருடத்துக்கு முன்னால், சித்திரை மாதத்தில், அந்த மருந்து சேர்த்துப் பன்னிரண்டு தகடு செய்து ஈர அலமாரியில் வைத்தேன். அடைமழைக் காலத்து ஈரத்தை அந்த அலமாரியே உண்டாக்கும். மூன்றாம் நாள் பார்த்தேன், கறுப்பு. பத்தாம் நாளும் கறுப்பு. ஒன்றரை மாதம் கழித்து, ஆயிரத்து நூறு மணி நேரம் ஆனபோதும் பன்னிரண்டும் கறுகறுவென்று இருந்தன. நான் லேபின் தரையில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமெல்லாம் படவில்லை. அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன்னால் எனக்கு வந்ததில்லை, பின்னாலும் வரவில்லை.

கட்டுரை வெளிவந்தது. அதில் என் பெயர் முதலில். பேப்பரில் போட்டோ போட்டார்கள். அத்தா அதை லேமினேட் செய்து தன்னுடைய தறி ஷெட்டில் மாட்டினார். மற்ற ஊர்களிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் கடிதம் எழுதினார்கள். சார் காப்புரிமைக்கு மனுப் போட்டார். என்னையும் ஆறு மாதம் நீட்டித்தார்கள். ஆறு மாதம்தான்.

இனி சொல்லப்போவதை இதுவரை இரண்டே பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன்.

தகட்டில் சொட்டு விடுவதற்கு முன்னால் கண்ணாடியைத் துப்புரவாகத் துடைக்க வேண்டும். அதற்கென்று இழை பிரியாத துடைதாள் வெளிநாட்டிலிருந்து வரும். அந்தச் சித்திரையில் அது தீர்ந்துபோனது. ஸ்டோரில் எழுதிக் கொடுத்தால் வர ஐந்து மாதமாகும் என்றார்கள். எனக்குச் சுள்ளென்று வந்தது. தாள் இல்லையென்று ஐந்து மாதம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா? அத்தா அபுபக்கருக்குச் சத்திரப்பட்டி ரோட்டில் எட்டுத் தறி ஓடுகிறது. எல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போகிற பேண்டேஜ் துணி. எங்கள் பக்கத்து வீடுகளில் டீ வடிகட்டுவதும் அதுதான், இடியாப்பத் தட்டில் விரிப்பதும் அதுதான், அடுப்புத் துணியும் அதுதான். வேறு ஊர்க்காரியாக இருந்தால் தாளுக்காகக் காத்திருப்பாள். நான் போனில் அத்தாவிடம் ஒரு சுருள் கேட்டேன். மறுநாள் பஸ்ஸில் கொடுத்துவிட்டார்.

அந்தச் சுருள் காடா. தறியிலிருந்து அறுத்தபடியே, சலவைக்குப் போகாமல் மங்கல் மஞ்சளாக இருக்கும் துணியைக் காடா என்பார்கள். அதை உள்ளங்கை அளவு வெட்டி, ஆல்கஹாலில் நனைத்து, கண்ணாடிகளைத் துடைத்தேன். ஒரு வருடத்துக்கு மேல் வந்தது. அந்த ஒரு வருடமும் எஸ்.எம்.7 போட்ட தகடு ஒன்றுகூடச் சாகவில்லை. கட்டுரையில், கண்ணாடிகள் வழக்கமான முறையில் துடைக்கப்பட்டன என்று எழுதினேன்.

மருந்து சேர்க்காத தகடுகளையும் செய்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் அல்லவா என்று கேட்பீர்கள். செய்திருந்தேன், ஆனால் சித்திரைக்கு முன்னால், தையிலேயே. அப்போது வெளிநாட்டுத் தாள் கையிருப்பில் இருந்தது. அவை மூன்றே நாளில் செத்தன. அந்தக் கணக்கையே எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். மறுபடி செய்யவில்லை. அவசரம் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வேன். சோம்பேறித்தனம் என்று நீங்கள் சொன்னால் சண்டைக்கு வரமாட்டேன்.

சுருள் தீர்ந்தது. அத்தா அடுத்த சுருளை அனுப்பினார். வெள்ளை வெளேரென்று இருந்தது. அதோடு பிடித்தது சனியன். செய்த தகடெல்லாம் மூன்றாம் நாள் மஞ்சள். எட்டு மாதம் நான் மனுஷியாகவே இல்லை. ரசாயன பாட்டில்களை எல்லாம் மாற்றினேன். தண்ணீரைச் சந்தேகப்பட்டேன், ஏசியைச் சந்தேகப்பட்டேன். பாண்டிசெல்வி தரைக்குப் போடும் பினாயில்தான் காரணம் என்று அவளை எல்லார் முன்னாலும் வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவள் பாவம், அதற்குப் பிறகு வெறும் தண்ணீரில் துடைத்தாள். அவளிடம் இன்னும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. எதற்கு என்று காரணம் சொல்ல வேண்டியிருக்குமே.

பக்ரீத் லீவில் அத்தாவுக்குச் சோறு கொண்டு தறி ஷெட்டுக்குப் போனேன். அவர் கை கழுவி வருவதற்குள் ஒரு காடாச் சுருள் மேல் உட்கார்ந்து துணியைப் பெருவிரலால் நெருடிக்கொண்டிருந்தேன். விரலில் மாவு மாதிரி ஏதோ ஒட்டியது. இது என்ன அத்தா என்று கேட்டேன்.

"கஞ்சிம்மா. பாவு நூலு அறுந்துரக் கூடாதுல்ல, மரவள்ளி மாவுக் கஞ்சி போடுவோம். சலவைக்குப் போனாத்தான் போகும்" என்றார். பிறகு சிரித்தார். "ஒனக்கு மொதத் தடவ அவசரத்துல காடாவயே குடுத்துட்டேன். படிச்ச பிள்ளைக்கு அழுக்குத் துணியக் குடுத்துட்டமேன்னு மனசே கேக்கல. அதான் அடுத்த தடவ வெள்ளையா அனுப்புனேன்."

அவர் பிரியாணியைப் பிசைந்து சாப்பிடும்போது, எந்தச் சுருள் எந்த மாதம் வந்தது என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். உப்புக் கூடிவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

லீவு முடியும்வரைகூடக் காத்திருக்காமல், அத்தாவிடம் சொல்லாமல் ஒரு காடாச் சுருளை எடுத்துக்கொண்டு லேபுக்குப் போனேன். காடாவால் துடைத்து மருந்து போட்டது, காடாவால் துடைத்து மருந்து போடாதது, வெள்ளையால் துடைத்து மருந்து போட்டது, போடாதது என்று நாலு வகை செய்து ஈர அலமாரியில் வைத்தேன். காடாவால் துடைத்தவை மருந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் உயிரோடு இருந்தன. வெள்ளையால் துடைத்தவை மருந்து போட்டும் செத்தன. கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிய கஞ்சிதான் படிகத்தைக் காப்பாற்றியிருக்கிறது. என் எஸ்.எம்.7 இத்தனை நாள் சும்மா நின்றிருக்கிறது. நான் பெற்று வளர்த்தது ஒன்றுக்கும் உதவாதது என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. என் அம்மாவுக்கு ஆபரேஷன் என்றபோது மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கூடவே அலைந்தவர். நாலு வரிசைத் தகடுகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நீ பொய் எழுதலையேம்மா. தெரியாம எழுதுன. தெரியாம எழுதுனது தப்பா?"

"இப்ப தெரியுமே சார்."

"இப்ப ஒண்ணும் எழுதலையே."

கோபத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது. அவரோ பொறுமையாக விரல் விட்டு எண்ணினார். எஸ்.எம்.7 பற்றி எழுதித்தான் எங்கள் லேபில் இருந்த பாலகணேஷ் டாக்டர் பட்டம் வாங்கினான், அதை வைத்துத்தான் கோயம்புத்தூரில் வேலை, கைக்குழந்தை இருக்கிறது. இன்னொருத்தன் எழுதிக்கொண்டிருக்கிறான். காப்புரிமை மனு நிற்கிறது. மார்ச்சில் அரசாங்கத்து ஆட்கள் பார்வையிட வருகிறார்கள். கஞ்சியைப் பற்றித் தனியாகப் பின்னால் எழுதிக்கொள்ளலாம், இப்போது வாயைத் திறந்தால் எல்லோர் தலையிலும் இடி என்றார். என்னுடைய ஆறு மாத நீட்டிப்புத் தாள் அவர் மேசையில் இருந்தது. அதைக் காட்டி மிரட்டியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். அவர் மிரட்டவில்லை. பேச்சோடு பேச்சாகக் கையெழுத்துப் போட்டு என் பக்கம் தள்ளினார். நானும் நன்றி சார் என்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதிலிருந்து ஒன்றரை வருடம். லேபில் என் சொந்த அலமாரியில் பூட்டுப் போட்டு ஒரு காடாச் சுருள். யாரும் வருவதற்கு முன்னால் காலை ஏழரைக்கே வந்து, அன்றைக்கு வேண்டிய கண்ணாடிகளை எல்லாம் நானே துடைத்து வைத்துவிடுவேன். அக்கா எம்புட்டுப் பெரிய ஆள், இன்னமும் கண்ணாடியைத் தானே துடைக்கிறாளே என்று பிள்ளைகள் பெருமையாகப் பேசுவார்கள். கேட்கும்போதெல்லாம் உடம்பு கூசும். வேறு எங்காவது ஓடிவிடலாமென்று ஜெர்மனிக்கு விண்ணப்பம் போட்டேன். உடனே வரச் சொன்னார்கள். எங்களுக்கு எஸ்.எம்.7 சரியாக வரவில்லை, நீங்கள் வந்து செய்து காட்டுங்கள் என்று எழுதியிருந்தார்கள். படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். அங்கே போனாலும் பெட்டியில் துணிகளுக்கு அடியில் காடாவை ஒளித்துக்கொண்டுதான் போக வேண்டும்.

இந்த ஐப்பசியில் ஷெரின் வந்தாள். சாத்தான்குளத்துப் பெண், தெற்கே ஒரு கல்லூரியில் நாலாம் வருட ஆராய்ச்சி மாணவி. அவளுடைய ஆய்வு முழுக்க எஸ்.எம்.7 தான். என் கட்டுரையைப் பார்த்துப் பார்த்துப் பதினாலு மாதமாகச் செய்கிறாள், ஒரு தகடுகூட மூன்று நாளைத் தாண்டவில்லை. நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் அனுப்பியிருந்தார்கள். சார் என்னைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் சொல்லிக் கொடு, கண்ணாடியை மட்டும் நீ முன்கூட்டியே துடைத்து வைத்துவிடு என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒல்லியாக, பயந்த கண்ணோடு இருந்தாள். கையில் ஒரு தடித்த நோட்டு. அதில் பதினாலு மாதமும் செத்த தகடுகளின் கணக்கு, தேதி வாரியாக. முந்நூற்றுப் பன்னிரண்டு. முதல் நாளே அதை என்னிடம் விரித்துக் காட்டினாள்.

"எங்க காலேஜ் சார் அவிய, ஒன் கையில நிதானமில்லன்னு சொல்லுதாவ. நானும் யோகா கிளாஸுக்கெல்லாம் போய்ப் பாத்தேம்க்கா. ஒண்ணும் சரியாவல."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அப்படியெல்லாம் இல்லை, உன் கை நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். திங்கட்கிழமை அவள் கையாலேயே ஆறு தகடு செய்யச் சொன்னேன். நான் துடைத்து வைத்த கண்ணாடிதான். பெட்டிக்குள் அவள் கையைப் பார்த்தேன். நடுங்கவே இல்லை, என் கையைவிட நிதானம். இந்தக் கையைத்தான் பதினாலு மாதம் குறை சொல்லியிருக்கிறார்கள், வழக்கமான முறையில் துடைக்கப்பட்டன என்று நான் எழுதிய மூன்று சொல்லுக்காக.

வியாழக்கிழமை ஈர அலமாரியைத் திறந்தோம். ஆறும் கறுப்பு. அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் உட்கார்ந்து அழுத அதே இடம். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி வெளியே வந்துவிட்டேன். மலை உச்சியை மேகம் மூடியிருந்தது. இந்தப் பிள்ளை ஊருக்குப் போய் மறுபடியும் மஞ்சளைத்தான் பார்க்கப்போகிறாள், அப்போது இவளுக்குத் தன் கையையே வெட்டிக்கொள்ளத் தோன்றுமே என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை நான் பெட்டிக்குள் கை விட்டிருந்தேன், தகடு சுழன்றுகொண்டிருந்தது. ஷெரின் பக்கத்தில் நின்று நோட்டைப் புரட்டினாள். எல்லாம் எழுதிவிட்டாளாம், ஒன்றே ஒன்றுதான் பாக்கியாம்.

"கண்ணாடி துடைக்கிறத மட்டும் நான் பாக்கலக்கா. நாளைக்கு நானும் ஏழரைக்கு வந்துருதேன். ஒரு தடவ பாத்துக்கிடுதேன்."

என் இரண்டு கையும் ரப்பருக்குள் மாட்டியிருந்தன. திரும்பிப் பார்க்கவும் முடியவில்லை, நகர்ந்து போகவும் முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்து மூக்கின் ஓரமாக இறங்கியது. துடைக்கக் கையில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பயந்துபோய் தன் துப்பட்டாவால் துடைத்துவிட்டாள். கெமிக்கல் நெடியா அக்கா என்று கேட்டாள்.

நாளைக்கு லேபுக்கு வேண்டாம், என்னோடு ராஜபாளையத்துக்கு வா, எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு அப்படியே பஸ் ஏறலாம் என்றேன். அந்த நிமிடம் நான் முடிவு செய்துவிட்டேன். இவளிடம் சொல்வது, இவள் கணக்கையும் என் நாலு வரிசையையும் சேர்த்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, என் கட்டுரை வெளிவந்த அந்த இதழுக்கு எழுதுவது. ஒருத்தியாக எனக்குத் தைரியம் வராது, இந்த ஒன்றரை வருடம் அதைத்தான் காட்டியது. இரண்டு பேர் என்றால் வரும். தங்கியிருக்கும் அறைக்குப் போனதும் கடிதத்தைக்கூட எழுதி வைத்துவிட்டேன், அவள் பெயருக்கு இடம் விட்டு. வெகு நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் பசித்துச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை காலை அவளைத் தறி ஷெட்டுக்குக் கூட்டிப்போனேன். அத்தா வாசலிலேயே நின்று வரவேற்று, லேமினேட் செய்த போட்டோவைக் காட்டினார். ஒரு தறிக்காரரைக் கூப்பிட்டு எங்கள் இருவருக்கும் டீ வாங்கி வரச் சொல்லிவிட்டு, செத்த நேரம் இருங்க என்று தறியில் பாவு நூலைப் பார்க்க உள்ளே போனார். எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்தில் நிற்பவர் பேசினாலே கேட்காது. நான் ஒரு காடாச் சுருளைப் பிரித்து அவள் விரலைப் பிடித்து அதில் தேய்த்துக் காட்டினேன். பிறகு சொன்னேன். அவளுக்குக் கேட்கவில்லை. காதோடு வாயை வைத்துக் கத்தினேன். என்னக்கா என்றாள். ஒன்றரை வருடமாக முணுமுணுக்கக்கூடப் பயந்த விஷயத்தை மூன்று தடவை தொண்டை கிழியக் கத்தினேன், எஸ்.எம்.7 ஒண்ணுமே பண்ணல, இந்தக் கஞ்சிதான், எல்லாம் இந்தக் காடாதான் என்று. மூன்றாவது தடவை அவளுக்குக் கேட்டுவிட்டது.

வெளியே வேப்பமர நிழலுக்கு வந்தோம். அவள் விரலில் ஒட்டிய மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்னை அறைவாள் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நான் பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்து, இதில் நீயும் கையெழுத்துப் போடு, இரண்டு பேர் சொன்னால் யாரும் மூடி மறைக்க முடியாது, உன் பதினாலு மாதமும் வீண் இல்லை, அதுதான் இதற்குச் சாட்சி என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் கடிதத்தை முழுக்கப் படித்தாள். தன் பெயருக்கு விட்டிருந்த இடத்தையும் பார்த்தாள். நாலாக மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"என் ஆய்வோட தலைப்பு பதிவாயிட்டுக்கா. தலைப்புலயே எஸ்.எம்.7 இருக்கு. மார்ச்சுக்குள்ள கொண்டு குடுக்கணும். இல்லன்னா நாலு வருசமும் போச்சு."

"பொய்ன்னு தெரிஞ்சும் எழுதுவியா?"

"நீங்க எழுதாமத்தானே இருந்தீங்க" என்றாள். குரலில் கோபம் ஒன்றும் இல்லை. "நான் உங்கள ஒண்ணும் சொல்லலக்கா. எனக்கு ரெண்டு மீட்டர் இருந்தாப் போதும்."

நியாயமாகப் பார்த்தால் எனக்கு இவள்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் சார் மேசையிலிருந்து அந்தத் தாளை வாங்கிக்கொண்டு நன்றி சார் என்று சொன்ன என் குரல் எனக்கே கேட்டது. நான் எந்த வாயால் இவளைத் திட்டுவேன்? தெரியாமல் இருந்தவரைக்கும் இவள் கையை மட்டும்தான் குறை சொன்னார்கள், மனசு சுத்தமாக இருந்தது. நான் கூட்டி வந்து, கதவைத் திறந்து விடுவதாக நினைத்துக்கொண்டு, என் பக்கத்திலேயே இழுத்து நிறுத்தி வைத்துவிட்டேன்.

அத்தா முண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்தபடி வந்தார். துணி வேண்டும் என்று நான்தான் சொன்னேன். அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. வெயிலைப் பிடிக்கிற கண்ணாடியை எங்கள் தறித் துணிதான் துடைக்கிறது என்று அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். இப்போது தெற்கேயிருந்து வேறு வந்து கேட்கிறார்கள். எம்புட்டு வேணும், அஞ்சு மீட்டராக் கொண்டு போ தாயி என்று அவளிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"வெள்ளையா, காடாவா? லேபுக்குன்னா வெள்ளைதான் சுத்தமா இருக்கும்."

வெள்ளை என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் தகடுகள் சாகும், தலைப்பும் சாகும், என்றாவது ஒரு நாள் உண்மை வெளியே வந்தே தீரும். காடா என்றால் எல்லாம் உயிரோடு இருக்கும்.

"காடாவே குடுங்க அங்கிள்" என்றாள் ஷெரின்.

அந்தச் சொல்லை அவள் முதன்முதலாகக் கேட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அத்தா ஒரு சுருளைத் தூக்கி வந்து மீட்டர் கோலை எடுத்தார். துணி அளக்க இரண்டு ஆள் வேண்டும். ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டு இன்னொரு முனையை என் பக்கம் நீட்டினார். நான் பிடித்துக்கொண்டேன்.